சிட்டா, அடங்கல் படங்கள் டேட்டாபேஸிலா, ஃபோல்டரிலா?

மன்னார்குடி பக்கத்து உழவர் குழுவுக்கான உங்கள் ஆப்பில், ஏற்றிய சிட்டா போட்டோ மேலே கொஞ்சம்தான் தெரிகிறது, கீழே முழுக்கச் சாம்பல் நிறம் என்கிறீர்கள். மைஎஸ்கியூஎல் டேட்டாபேஸில் படம் போன்ற டேட்டாவை வைக்கும் வெறும் பிளாப் (BLOB) வகை 65,535 பைட்தான் கொள்ளும். அளவு மீறிய டேட்டாவை ஏற்க மறுக்கும் ஸ்ட்ரிக்ட் மோட் அணைந்திருந்தால் மீதியை வெட்டிவிட்டு ஒரு எச்சரிக்கையோடு சேமித்துவிடும். படம் சரியாக 65,535 பைட் நீளமுள்ள டேபிள் வரிசைகளை (ரோ) தேடுங்கள், அந்தப் படங்களை மறுபடி வாங்கித்தான் ஆகவேண்டும்.

மீடியம்பிளாப் ஆக்கினால் 16 எம்பி வரை போகும், ஆனால் நான் ஃபோல்டருக்கே மாறச் சொல்வேன். 2006 மைக்ரோசாஃப்ட் ஆய்வில் 256 கேபிக்குக் கீழே டேட்டாபேஸும் 1 எம்பிக்கு மேலே ஃபைல் சிஸ்டமும் நன்றாக ஓடின. போனில் எடுக்கும் போட்டோ சாதாரணமாகவே பல எம்பி, குறுவை, சம்பா என்று சீசனுக்குச் சீசன் சேர்ந்தால் டம்ப், அதாவது டேட்டாபேஸின் முழு நகல், எடுப்பதே பெரும்பாடாகிவிடும். கையெழுத்துப் படம் மாதிரி குட்டி ஃபைல்கள் டேட்டாபேஸிலேயே இருக்கட்டும்.

மாறும்போது எது முதலில், எது பிறகு என்பது முக்கியம். முதலில் ஃபைலை எழுதுங்கள், அப்புறம்தான் டேட்டாபேஸ் வரிசை. நடுவில் கரண்ட் போனால் அநாதை ஃபைல் ஒன்று மிஞ்சும், அதை அழித்துக்கொள்ளலாம், ஆனால் படமே இல்லாத வரிசை மிஞ்சினால் விவசாயியின் ஆவணம் போச்சு. பேக்கப்புக்கு இது தலைகீழ், டம்ப் முதலில், ஃபோல்டர் பிறகு. விவசாயிகள் வைத்த ஃபைல் பெயரை அப்படியே பயன்படுத்தாதீர்கள், ஃபோல்டரும் வெப் ரூட்டுக்கு (பிரவுசரில் நேரடியாகத் திறக்க முடிகிற ஃபோல்டருக்கு) வெளியே இருக்கட்டும். 2018 கஜா புயலைப் பார்த்த மாவட்டம் நம்முடையது, அதனால் ஒரு நகலையாவது டெல்டாவுக்கு வெளியே வையுங்கள்.