தொடைத் தசைக்கு 4/5: அது எண்பது மார்க் இல்லை

கேள்வி: அம்மாவுக்கு 66 வயது. வலது முழங்கால் மூட்டு மாற்று அறுவை சிகிச்சை முடிந்து 9 வாரம் ஆகிறது. முன்தொடைத் தசையின் பலம் 4/5 என்று பிசியோதெரபி ரிப்போர்ட்டில் போன மாதம் எழுதினார்கள். இந்த வாரமும் அதே 4/5. அம்மாவைக் கேட்டால் “வலி இல்லைப்பா, நல்லா இருக்கேன்” என்கிறார். ஆனால் படி ஏறும்போது ஒவ்வொரு படிக்கும் இடது காலைத்தான் முதலில் வைக்கிறார். பயிற்சி பலன் தருகிறதா, இல்லையா?

பதில்: அந்த 4/5-ஐ மட்டும் வைத்துக்கொண்டு எதுவும் சொல்ல முடியாது. பலர் அதை எண்பது மார்க் என்று படித்துவிடுகிறார்கள். அது மார்க் அல்ல, ஒரு படிநிலை. தசையில் துடிப்பே இல்லையென்றால் 0. துடிப்பு மட்டும் தெரிந்தால் 1. காலின் எடையைத் தாங்கிக்கொடுத்தால் அசைகிறது என்றால் 2. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, யார் துணையுமின்றி முழங்காலை முழுவதுமாக நீட்டினால் 3. நீட்டிய காலை பிசியோக்களான நாங்கள் கையால் அழுத்தும்போது கொஞ்சமாவது எதிர்த்து நின்றால் 4. முழு அழுத்தத்துக்கும் அசையாமல் நின்றால் 5.

இந்த முறையின் வேர் பாஸ்டனில் போலியோ பாதித்த குழந்தைகளைப் பரிசோதித்த காலத்தில் இருக்கிறது. அங்கே பணியாற்றிய வில்ஹெல்மின் ரைட் 1912-இல் அதை எழுதி வெளியிட்டார். இன்று புழங்கும் 0 முதல் 5 வரையிலான எண்கள், இரண்டாம் உலகப்போரில் நரம்பு அறுந்த வீரர்களுக்காக 1943-இல் பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் வெளியிட்டவை. தசைக்கு உயிர் திரும்புகிறதா என்பதுதான் அன்றைய கேள்வி. அதற்கு இது அருமையான கருவி. அம்மாவின் பிரச்சினை அதுவல்லவே!

சிக்கல் முழுக்க அந்த 4-க்குள் இருக்கிறது. முழங்கையை மடக்கும் பலத்தை அளந்த 2007-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்றில், மொத்த பல வீச்சில் சுமார் 96 சதவீதம் 4 என்ற ஒரே படிக்குள் அடங்கிவிட்டது. ஆகவே ஒரு மாதத்தில் பலம் கணிசமாகக் கூடியிருந்தாலும் ரிப்போர்ட்டில் 4 அப்படியே நிற்கும். இன்னொன்று, முன்தொடைத் தசை உடம்பின் பெரிய தசைகளில் ஒன்று. என்னைப் போல ஒல்லியான பிசியோவை அது சுலபமாகத் தோற்கடித்துவிடும். பலம் குறைந்த காலுக்குக்கூட 5 போட்டுவிடுகிற ஆபத்து உண்டு.

மூட்டு மாற்றிய முதல் மாதத்தில் இந்தத் தசை படுத்துவிடும். 2005-இல் வந்த அமெரிக்க ஆய்வொன்றில் அதன் பலம் 62 சதவீதம் குறைந்திருந்தது. தசை மெலிந்தது அதில் சிறு பங்குதான். தசையை முழுதாக இயக்குவதை நரம்பு மண்டலமே தடுத்துவைப்பது பெரிய காரணம்.

சரி, அம்மா ஏன் நல்லா இருக்கேன் என்கிறார்? பொய் சொல்லவில்லை. பல வருட மூட்டு வலி போய்விட்டது, அந்த நிம்மதியைத்தான் சொல்கிறார். அறுவைக்கு ஒரு மாதம் கழித்து நோயாளிகளைக் கேட்டால் தேறிவிட்டதாகச் சொல்கிறார்கள், ஆனால் அதே ஆட்களை நடக்கவும் படி ஏறவும் விட்டுப் பார்த்தால் முன்பைவிட மோசமாகச் செய்கிறார்கள் என்று 2011-இல் வெளியான ஆய்வு காட்டியது. அவர் அனுபவம் ஒன்று, தசையின் நிலை இன்னொன்று. ஒன்றை வைத்து மற்றதை ஊகிக்கக் கூடாது, இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

பொதுவாக “எப்படி இருக்கு?” என்று கேட்காதீர்கள். அம்மாவுக்கு முக்கியமான மூன்று வேலைகளை அவரையே சொல்லச் சொல்லுங்கள். மொட்டை மாடிக்குப் போய்த் துணி காயப்போடுவது, பஸ் ஏறுவது, எதுவானாலும் சரி. ஒவ்வொன்றுக்கும் முடியவே முடியாது என்றால் 0, பழையபடி முடிகிறது என்றால் 10. தேதி போட்டு எழுதி வைத்து, இரண்டு வாரம் கழித்துத் திரும்பக் கேளுங்கள். இரண்டு மூன்று புள்ளி ஏறினால் அது நிஜமான மாற்றம்.

பிசியோவிடம், தசையின் பலத்தைக் கையில் பிடித்து அளக்கும் கருவியான டைனமோமீட்டர் இருக்கிறதா என்று கேளுங்கள். இருந்தால் இரண்டு காலையும் அளந்து கிலோ கணக்கில் எழுதித் தரச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் நாற்காலி போதும். சுவரோரம் போட்டு, கைகளை மார்பின் குறுக்கே கட்டி, ஐந்து முறை எழுந்து உட்கார எத்தனை வினாடி ஆகிறது என்று பாருங்கள். பக்கத்தில் ஒருவர் நிற்க வேண்டும். 12 வினாடியோ அதற்கு மேலோ ஆனால், ஆசிய முதியோருக்கான 2019 அளவுகோலில் உடலின் செயல்திறன் குறைவு என்று அர்த்தம். ஆனால் வினாடியை மட்டும் பார்த்து ஏமாறாதீர்கள்: எழும்போது வலது பாதத்தை முன்னால் தள்ளி வைக்கிறாரா என்று கவனியுங்கள். தள்ளினால் இடது கால்தான் வேலை செய்கிறது.

படி விஷயத்துக்குப் பயப்பட வேண்டாம். ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது ஆபரேஷன் செய்த கால் முதலில் என்று நாங்களேதான் சொல்லிக்கொடுக்கிறோம். எப்போது மாற்றிப் பழகலாம் என்று அடுத்த முறை பிசியோவைக் கேட்டுவிடுங்கள். கெண்டைக்காலில் திடீர் வீக்கம், காய்ச்சல், தையலில் நீர் கசிவு என்று ஏதாவது தெரிந்தால் மட்டும் பயிற்சியை நிறுத்திவிட்டு அன்றே அறுவை செய்த மருத்துவரைப் பாருங்கள்.