எவரும் விழாத இரவு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். அரங்கில் பார்வையாளருக்கு உள்ள இடம் பற்றி நீங்கள் சென்ற மாதம் எழுதியதைப் படித்ததிலிருந்து ஒரு பழைய விஷயம் என் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது. நான் நியூ ஜெர்சியில் வசிப்பவன். 2011 ஜனவரியில், அப்போது 11 வயதாகியிருந்த என் மகனை அழைத்துக்கொண்டு, நியூயார்க் 42-ஆம் தெருவின் ஃபாக்ஸ்வுட்ஸ் அரங்கில் நடந்துகொண்டிருந்த 'ஸ்பைடர்மேன்: டர்ன் ஆஃப் தி டார்க்' இசை நாடகத்துக்குப் போனேன். மகனுக்கு ஸ்பைடர்மேன் காமிக்ஸ் என்றால் உயிர். ஆனால் டிக்கெட் வாங்கியது அவனுக்காக மட்டுமல்ல. சில வாரங்களுக்கு முன்பு அந்த நாடகத்தில் ஒரு நடிகர் மேடையிலிருந்து விழுந்து மண்டை உடைந்த செய்தியைப் படித்த பிறகுதான், அதைப் பார்த்தே ஆகவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அன்றிரவு எல்லாம் ஒழுங்காக நடந்தது. எவரும் விழவில்லை, ஆட்டம் ஒருமுறைகூட நிற்கவில்லை. ரயிலில் திரும்பும்போது எனக்குள் சிறியதொரு ஏமாற்றம் இருந்ததைக் கவனித்து வெட்கப்பட்டேன். இதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நானும் விபத்தைப் பார்க்கப் போனவர்களில் ஒருவன்தானா?

இன்னொன்று. இயக்குநர் ஜூலி டேமர் விலக்கப்பட்டு, நாடகம் மாற்றி எழுதப்பட்டபோது, ரசிகர்கள் குறை சொல்லிச் சொல்லியே ஒரு கலைப்படைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்ற பேச்சு எழுந்தது. அது நியாயமா? 2012-இல் திருத்தப்பட்ட வடிவத்தையும் நாங்கள் பார்த்தோம். இப்போது வேலைக்குப் போகும் என் மகன், முதல் வடிவமே மேல் என்று இன்றும் வாதிடுகிறான். 'எங்களை மேடையிலிருந்து இறக்கிவிட்டார்கள்' என்கிறான். அன்று கதை விளங்காமல் என் கையைச் சுரண்டி, 'இந்தப் பொம்பளை யாருப்பா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தவனும் அவன்தான்.

அன்புடன்,
பெயர் வெளியிட விரும்பாத வாசகர்

*

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் ஏமாற்றத்திலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் அது உங்களுக்கு மட்டும் நேர்ந்தது அல்ல. முறையான திறப்புக்கு முன்பு நடத்தும் முன்னோட்டக் காட்சிகளில் முதலாவது, 2010 நவம்பர் 28 அன்று நடந்தபோது ஐந்து முறை நின்றது. முதல் பாதியின் முடிவில் ஸ்பைடர்மேன் பார்வையாளர்களின் தலைக்கு மேல் கம்பியில் சிக்கித் தொங்க, மேடைப் பணியாளர்கள் கீழே நின்று அவருடைய காலை எட்டிப் பிடிக்க முயன்றுகொண்டிருந்தார்கள். அதே இரவில், கிரேக்கத் தொன்மத்தின் நெசவுக்காரியான அரக்னியின் வேடமேற்ற நடாலி மெண்டோசாவுக்கு மேடைக்குப் பின்னால் தலையில் அடிபட்டது. சில வாரங்களில் அவர் நாடகத்தை விட்டே விலகினார். டிசம்பர் 20 அன்று, கிறிஸ்டோபர் டியர்னி என்ற நடனக் கலைஞர் தன்னைத் தாங்க வேண்டிய கயிறு மேடையில் பிணைக்கப்படாத நிலையில் பாய்ந்து, 20 அடிக்கும் அதிகமான உயரத்திலிருந்து விழுந்தார். மண்டையோடும் விலா எலும்புகளும் முறிந்தன, முதுகெலும்பில் கீறல் விட்டது. பார்வையாளர் ஒருவர் எடுத்த படத்துண்டு அந்தக் காட்சியை ஊரெல்லாம் கொண்டுசேர்த்தது. மூன்று நாட்களுக்குள் நாடகம் மீண்டும் நடக்கத் தொடங்கியது. புத்தாண்டையொட்டிய அந்த வார வசூல் சுமார் 18 லட்சத்து 80 ஆயிரம் டாலர். நீங்கள் டிக்கெட் வாங்கிய வரிசை அவ்வளவு நீளமானது.

இந்த வசூலுக்குப் பக்கத்தில் இன்னொரு தொகையையும் வைத்துப் பார்க்கிறேன். தொழிலாளர் பாதுகாப்புக்கான மத்திய அரசின் அமைப்பு, இந்த நாடகத்தில் நேர்ந்த காயங்களுக்காக 2011 மார்ச்சில் விதித்த அபராதம் 12,600 டாலர். ஒரு காட்சிக்குப் பணம் கொடுத்து உட்கார்ந்திருந்த உங்களுடைய மனத்தின் ஒரு மூலையில் தோன்றிய ஏமாற்றத்தைப் பாவம் என்று நீங்கள் சொல்வதானால், இந்த இரண்டு தொகைகளுக்கும் நடுவில் இருப்பதை என்ன பெயரிட்டு அழைப்பது என்று எனக்குத் தெரியவில்லை. பார்வையாளரின் தலைக்கு மேல் மனிதர்கள் பறப்பார்கள் என்பதே அந்த நாடகத்தின் விளம்பரம். பறத்தலை விற்கும்போது விழுதலின் சாத்தியமும் சேர்த்தே விற்கப்படுகிறது. கம்பிமேல் நடப்பவரைப் பார்க்கும் எவரும் அதை அறிவார்கள். ஆகவே, ஆபத்தைப் பார்க்கப் போனீர்களா என்று கேட்டால், ஆம், எல்லாரையும் போலவே போனீர்கள். ஒருவர் அடிபட வேண்டும் என்று விரும்பினீர்களா என்பது வேறு கேள்வி. உங்கள் கடிதத்தில் இருக்கும் வெட்கமே அதற்குப் பதில் சொல்லிவிடுகிறது.

அக்காலத்தின் சிரிப்பு எனக்கு இதைவிட உறுத்தலானது. மருத்துவமனைக் கூடம் ஒன்றில் கட்டுப்போட்ட ஸ்பைடர்மேன்கள் வரிசையாகப் படுத்திருப்பதைப் போன்ற அட்டைப்படத்தை 'நியூயார்க்கர்' இதழ் வெளியிட்டது. அரங்குக்குள்ளும் அதே சிரிப்புதான். பிப்ரவரியில் ஒரு காட்சி பழுதாகி நின்றபோது, வில்லன் கிரீன் காப்ளினின் வேடமேற்ற பேட்ரிக் பேஜ் அந்த இடைவெளியை நிரப்ப, ஸ்பைடர்மேன் தலைகளுக்கு மேல் பறக்கப் போகிறார், சிலரைக் கீழே போட்டுவிட்டார்களாமே என்ற பொருளில் ஒரு வார்த்தை விட்டார். அரங்கம் குலுங்கிச் சிரித்தது. பிறகு திருத்தப்பட்ட வடிவத்தில், தன்னை 6.5 கோடி டாலர் சர்க்கஸ் சோகம் என்று சொல்லிக்கொண்டு, உடனே அதை 7.5 கோடி என்று திருத்தும் வசனம் ஒன்றையே காப்ளினுக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். 2012-இல் நீங்களும் அதைக் கேட்டிருப்பீர்கள். நானும் அந்த ஆண்டில்தான் பார்த்தேன், மற்றவர்களோடு சேர்ந்து சிரிக்கவும் செய்தேன். வீட்டுக்கு வந்த பிறகுதான், ரசிகர்களின் கேலியை அவர்களுக்கே வசனமாகத் திருப்பி விற்றிருக்கிறார்கள் என்பது உறைத்தது.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. டேமர் 2011 மார்ச்சில் விலக்கப்பட்டு, நாடகம் ஏப்ரலில் மூன்று வாரங்களுக்கு மேல் மூடப்பட்டு, பிலிப் வில்லியம் மெக்கின்லியின் இயக்கத்தில் மே மாதம் மீண்டும் வந்து, ஜூன் 14 அன்று முறைப்படி திறக்கப்பட்டது. அந்தத் திறப்பையொட்டி லாஸ் ஏஞ்சலஸில் நடந்த அரங்கக் கலைஞர்களின் மாநாட்டில் பேசிய டேமர், ட்விட்டரும் இணையப் பேச்சும் ஒரு படைப்பு முடியும் முன்பே அதன்மேல் பாய்வதையும், எப்படி நாடகம் போடவேண்டும் என்று பார்வையாளர்கள் சொல்லித்தரும் நிலை வருவதையும் கண்டு அஞ்சுவதாகச் சொன்னார். 1997-இல் 'தி லயன் கிங்' நாடகத்தை மேடையேற்றி, முகமூடிகளையும் பொம்மைகளையும் கொண்டு, நியூயார்க்கின் பெரிய நாடக அரங்குகளின் உலகமான பிராட்வேயின் கண்ணையே மாற்றியவர் அவர். அவருடைய வருத்தத்தை நான் எளிதாக ஒதுக்க மாட்டேன். ஆனாலும் இந்தக் குறிப்பிட்ட வழக்கில் அவர் சொன்னது நியாயம் என்று எனக்குத் தோன்றவில்லை.

காரணம், முன்னோட்டக் காட்சி என்ற ஏற்பாடு. பிராட்வேயில் முறையான திறப்புக்கு முன்பு சில வாரங்கள் பார்வையாளர்களின் முன்னிலையில் நாடகத்தை நடத்திச் சரிசெய்துகொள்வதும், திறப்பு நாள்வரை விமர்சகர்கள் பொறுத்திருப்பதும் பழைய வழக்கம். அது ஒரு நாகரிகமான உடன்பாடு. இங்கே அந்தச் சில வாரங்கள் ஆறு மாதங்களுக்கும் மேலாக நீண்டன. திறப்பு நாள் ஜனவரியிலிருந்து பிப்ரவரிக்கும், பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்கும், மார்ச்சிலிருந்து ஜூனுக்கும் தள்ளிப்போனது. 180-க்கும் மேற்பட்ட முன்னோட்டக் காட்சிகள், அனைத்தும் கட்டணத்துக்கு. சுமார் 1,900 இருக்கைகளில் உட்கார்ந்து பணம் கட்டியவர்களிடம், நாடகம் இன்னும் முடியவில்லை, வாயைத் திறக்காதீர்கள் என்று சொல்ல யாருக்கும் உரிமை இருந்ததாக நான் நினைக்கவில்லை. விமர்சகர்களே பொறுமையிழந்து பிப்ரவரி முதல் வாரம் கடந்ததும் எழுதிவிட்டார்கள். 'நியூயார்க் டைம்ஸ்' இதழின் பென் பிராண்ட்லி, பிராட்வே வரலாற்றின் மிக மோசமான இசை நாடகங்களில் ஒன்றாகவும் இது இடம்பெறக்கூடும் என்று எழுதினார்.

முதல் நாளில் நடந்த ஒன்றைப் பலர் மறந்துவிட்டார்கள். இரண்டாம் பாதியில் ஆட்டம் மீண்டும் நின்றபோது, ஒரு பெண்மணி தான் ஒரு சோதனை எலியைப் போல உணர்வதாக உரக்கக் கத்தினார். அவருக்குக் கிடைத்தது கைதட்டல் அல்ல. மற்றவர்கள் கூச்சலிட்டு அவரை அடக்கினார்கள். ஆக, ரசிகர்கள் ஒரே குரலில் நாடகத்தைத் தாக்கினார்கள் என்பது உண்மையல்ல. மூன்றரை மணிநேரம் பொறுத்திருந்து, கலைஞர்களுக்காக இன்னொரு பார்வையாளரையே வாயடைத்த கூட்டமும் அங்கேதான் இருந்தது. தயாரிப்பாளர்களுக்கு இந்த இரண்டு குரல்களில் எதுவும் முக்கியமாகப் படவில்லை என்றே நினைக்கிறேன். இந்த நாடகத்தின் முதல் தயாரிப்பாளர் டோனி ஆடம்ஸ் 2005-இலேயே இறந்துபோனார். 2009-இல் பணம் தீர்ந்து வேலை நின்றது. அதன்பிறகு மைக்கேல் கோல் வந்து தூக்கி நிறுத்தியபோது, அதற்கு முன்பு மிகுந்த செலவில் வந்த 'ஷ்ரெக்' நாடகத்தின் சுமார் 2.5 கோடி டாலருக்கு எதிரே இதன் செலவு 6.5 கோடியாகவும் பின்னர் 7.5 கோடியாகவும் வளர்ந்திருந்தது. வாரந்தோறும் நடத்துவதற்கே பத்து லட்சம் டாலருக்கு மேல் வேண்டும் என்ற நிலையில் ஒருவர் பார்வையாளரிடம் கருத்துக் கேட்கிறார் என்றால், அவர் கேட்பது கருத்தை அல்ல. இருக்கை நிறையுமா என்பதைத்தான்.

உங்கள் மகன் சொல்வதற்கு வருகிறேன், அதில்தான் எனக்கு உண்மையான ஆர்வம். முதல் வடிவத்தில் நான்கு பதின்பருவக் காமிக்ஸ் ரசிகர்கள் மேடையிலேயே இருந்தார்கள். மூன்று பையன்கள், ஒரு பெண். அடுத்து என்ன நடக்கவேண்டும் என்று சண்டையிட்டுக்கொண்டே அவர்கள்தாம் கதையைக் கட்டினார்கள். கிரேக்கத் தொன்மத்திலிருந்து அரக்னி என்ற நெசவுக்காரி அந்தக் கதைக்குள் வந்து, சிறிது சிறிதாக அதைப் பறித்துக்கொண்டாள். காப்ளின் முதல் பாதியின் முடிவிலேயே இறந்துவிட, இரண்டாம் பாதி முழுவதும் அரக்னியின் கையில் இருந்தது. அவளுடைய தோழியர் காலணிகளைத் திருடி அணிந்துகொண்டு பாடும் பாடல் ஒன்று அதில் இருந்ததும், அது எல்லாருடைய கேலிக்கும் ஆளானதும் உங்களுக்கு நினைவிருக்கும். காமிக்ஸ் ரசிகர்களின் கோபம் இங்கேதான். தொன்மத்தைக் கலந்தார்கள் என்பதல்ல அவர்களுடைய குறை. காமிக்ஸில் இல்லாத 'ஸ்விஸ் மிஸ்' என்ற புதிய வில்லியைக்கூட அவர்கள் சிரித்துவிட்டுக் கடந்திருப்பார்கள். ஸ்டான் லீயும் ஸ்டீவ் டிட்கோவும் 1962-இல் உருவாக்கிய பீட்டர், அதாவது ஸ்பைடர்மேனாக மாறும் அந்தப் பையன், தான் தடுக்காமல் விட்ட ஒரு திருடன் தன் பெரியப்பாவைக் கொன்றுவிட்டான் என்ற குற்றவுணர்விலிருந்து பிறந்தவன். அந்தப் பையனை இரண்டாம் பாதியில் காணவில்லை. 'இந்தப் பொம்பளை யாருப்பா?' என்று உங்கள் மகன் கேட்டது இதைத்தான். பீட்டர் எங்கே என்பதன் இன்னொரு வடிவம் அது.

திருத்தியவர்கள் அந்தக் கேள்விக்குப் பதில் சொன்னார்கள். காமிக்ஸ் எழுத்திலிருந்து வந்த ராபர்ட்டோ அகிர்ரே-சகாசா கதையை மீண்டும் பீட்டரிடம் கொடுத்தார். காப்ளினுடனான சண்டை இறுதிக்கு நகர்ந்தது. அரக்னி சுருங்கி ஒரு காவல் தேவதை அளவுக்கு ஆனாள். கூடவே அந்த நான்கு ரசிகர்களும் நீக்கப்பட்டார்கள். எனக்கு இது வேடிக்கையாகவும் துயரமாகவும் படுகிறது. அரங்கில் உட்கார்ந்திருந்த ரசிகர்களைத் திருப்திப்படுத்துவதற்காக, கதையோடு மல்லுக்கட்டிய ரசிகர்களை மேடையிலிருந்து அகற்றினார்கள். உங்கள் மகன் 11 வயதில் தன்னைக் கண்டது பீட்டரிடம் அல்ல, அந்த நால்வரிடம்தான் என்று ஊகிக்கிறேன். அரக்னியால் குழம்பியதும் அந்த நால்வரை இழந்ததற்காக வருந்துவதும் ஒரே ஆளுக்கு நேரக்கூடியவையே. அவற்றில் முரண் இல்லை.

நான் பார்த்த இரண்டாவது வடிவம் தெளிவாக இருந்தது. கிரைஸ்லர் கட்டடத்தை உச்சியிலிருந்து பார்ப்பதுபோலச் சாய்த்து நிறுத்திய ஜார்ஜ் சிப்பினின் மேடை, எய்கோ இஷியோகாவின் உடைகள், தொங்கும் துணிப்பட்டைகளில் பெண்கள் ஊஞ்சலாட, குறுக்கே இன்னும் பட்டைகள் பாய, கண்ணெதிரே ஒரு பெருந்துணி நெய்யப்படும் அந்தத் தொடக்கக் காட்சி: எஞ்சியிருந்த டேமரின் கற்பனையே அங்கும் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. மற்றவை ஓடின, பாடின, முடிந்தன. ஜூன் மாதத்தில் மறுபடி பார்த்த பிராண்ட்லி, பிப்ரவரியில் விளங்காத குழப்பமாக இருந்தது இப்போது வெறும் சலிப்பாக ஆகியிருக்கிறது என்ற பொருளில் எழுதினார். பார்வையாளர்கள் குறைந்துவிடவும் இல்லை. 2011-இன் கடைசி வாரத்தில் ஒன்பது காட்சிகளில் 29 லட்சம் டாலருக்கு மேல் வசூலாகி, அதுவரை பிராட்வே காணாத சாதனையாயிற்று. 2014 ஜனவரி 4 அன்று அது முடிந்தபோது, முதலீட்டில் 6 கோடி டாலர் வரை இழப்பு என்று செய்தி வந்தது. முதல் வடிவத்தைத் திட்டியவர்கள் அதைப் பற்றி இன்றும் பேசுகிறார்கள். இரண்டாவதைப் பார்த்துக் கைதட்டியவர்களில் எத்தனை பேர் அதைப் பற்றிக் கடிதம் எழுதுவார்கள் என்று எனக்குச் சந்தேகம்தான்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். திறப்பு நாளன்று வெளியான பாடல் தொகுப்பில் அந்தக் காலணிப் பாடல் இல்லை. அந்த நால்வரின் வாதங்களும் இல்லை. நான் முதல் வடிவத்தைப் பார்க்கவில்லை, நீங்கள் இருவரும் பார்த்திருக்கிறீர்கள். அந்த நான்கு பேரும் எந்த இடத்தில் எதற்காகச் சண்டையிட்டார்கள், அரக்னி கதையைக் கைப்பற்றும்போது அவர்கள் மேடையில் எங்கே நின்றார்கள், உங்கள் மகன் எந்த இடத்தில் உங்கள் கையைச் சுரண்டினான் என்பதையெல்லாம் அவரிடம் கேட்டு எழுதி அனுப்புங்கள். நீளமாக இருந்தாலும் பரவாயில்லை, வெளியிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்