காரணம் தெரியாமல் ஏறும் எடை: கடைசி வரியில் இருந்த மாத்திரை

கேள்வி: எனக்கு 34 வயது. ஒரு விசைத்தறிக் கூடத்தில் கணக்கு எழுதுகிறேன். இரண்டு குழந்தைகள். போன ஆடியில் 58 கிலோ இருந்தேன், இப்போது 72. மாதவிடாய் இரண்டு மூன்று மாதம் தள்ளிப்போகிறது. முகம் உருண்டையாக உப்பிவிட்டது, ஆனால் கைகால் மெலிந்துகொண்டே போகிறது. தரையில் உட்கார்ந்தால் கையை ஊன்றாமல் எழ முடியவில்லை. லேசாக இடித்துக்கொண்டாலும் தோல் கன்றிப்போகிறது. தைராய்டு பார்த்தார்கள், டிஎஸ்ஹெச் 3.1, நார்மல். ஸ்கேனில் நீர்க்கட்டி தெரிகிறது, எடையைக் குறைத்தால் சரியாகும் என்று அனுப்பிவிட்டார்கள். வீட்டில் எல்லோரும் சோற்றைக் குறை என்கிறார்கள். லேபில் முழு ஹார்மோன் பேக்கேஜ் என்று ஒன்று இருக்கிறதாம், அதைச் செய்துகொள்ளட்டுமா? இடுப்பு வலிக்கு மெடிக்கலில் தரும் செட் மாத்திரை தவிர வேறு மருந்து எதுவும் எடுப்பதில்லை.
- ஈரோடு மாவட்ட வாசகி

பதில்: அன்புச் சகோதரிக்கு, அந்தப் பேக்கேஜுக்கு இப்போது பணம் கட்ட வேண்டாம். ‘தவிர’ என்று போகிற போக்கில் நீங்கள் எழுதிய அந்தச் செட் மாத்திரையைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும்.

வலிக்கு என்று காகிதத்தில் மடித்துத் தரும் மாத்திரைகளில் ஒரு வலி நிவாரணியும் ஒரு வாயு மாத்திரையும் இருக்கும். பல நேரம் அவற்றோடு சின்னதாக ஒரு ஸ்டீராய்டும் இருக்கும். டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன், பிரட்னிசோலோன் என்பவை அதன் பெயர்கள். விலை குறைவு, வலி சீக்கிரம் அடங்கும், பசியும் நன்றாக எடுக்கும். அதனால் வாங்குபவருக்குச் சந்தேகமே வருவதில்லை. ஆனால் டெக்ஸாமெத்தசோன் நம் உடலே சுரக்கும் ஸ்டீராய்டு ஹார்மோனான கார்டிசோலைவிட ஏறக்குறைய 25 மடங்கு வலுவானது. அரை மில்லிகிராம் மாத்திரை ஒன்றே, சிறுநீரகங்களின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பிகள் ஒரு நாள் முழுக்கச் சுரப்பதற்கு ஏறக்குறைய ஈடாகிவிடும். அதை மாதக்கணக்கில் விழுங்கினால் கொழுப்பு முகத்திலும் பிடரியிலும் வயிற்றிலும் சேரும். தொடைத் தசையும் புஜத் தசையும் கரையும், தோல் மெலிந்து சட்டென்று கன்றும், மாதவிடாயும் குழம்பும். இதற்குக் குஷிங் நோய்க்குறித் தொகுப்பு என்று பெயர். இதற்கு மிகப் பொதுவான காரணம் உடலுக்குள் வளரும் கட்டி அல்ல, வெளியிலிருந்து வரும் ஸ்டீராய்டுதான்.

உங்கள் பொட்டலத்தில் அது இருக்கிறது என்று இங்கிருந்தபடி நான் அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய அறிகுறிகள் அந்தப் பக்கமே கைகாட்டுகின்றன. வெறுமனே அதிகம் சாப்பிட்டு எடை ஏறியவருக்குக் கைகால் மெலிவதில்லை, உட்கார்ந்து எழுவதற்குத் தொடையில் வலு போவதில்லை. வீட்டில் இதைச் சொல்லுங்கள். நீங்கள் கூடுதலாகவே சாப்பிட்டிருந்தாலும், அந்தப் பசியைக் கிளப்பியது மாத்திரையாக இருக்கலாம். அதற்காக உங்களைக் குற்றம் சொல்வது நியாயமே இல்லை.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இதைப் படித்ததும் மாத்திரையை நீங்களாகவே சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். வெளியிலிருந்து தினமும் ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால், மூளையின் அடியில் இருந்து அட்ரினலைத் தூண்டும் பிட்யூட்டரி சுரப்பி ‘சுரக்கத் தேவையில்லை’ என்று இருந்துவிடும், அட்ரினல் சுருங்கிப் படுத்துவிடும். திடீரென்று நிறுத்தினால் உயிர்வாழத் தேவையான கார்டிசோலே இல்லாமல் போகலாம். மருத்துவர்தான் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார். அதற்குச் சில வாரங்களும் ஆகலாம், பல மாதங்களும் ஆகலாம்.

சரி, தைராய்டு? 3.1 கவலைப்பட வேண்டிய அளவு இல்லை. தைராய்டு குறைந்தாலும் அதனால் மட்டும் கூடும் எடை பெரும்பாலும் 2 முதல் 5 கிலோதான், அதிலும் பாதிக்கு மேல் உப்பும் நீரும். 14 கிலோவுக்கு அதைக் காரணம் சொல்ல முடியாது. அடுத்து நீர்க்கட்டி. எந்தத் தொந்தரவும் இல்லாத பெண்களுக்கும் ஸ்கேனில் அப்படித் தெரிவதுண்டு. பிசிஓஎஸ் (சினைப்பை நீர்க்கட்டிக் கோளாறு) என்று சொல்ல, ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி, ஸ்கேன் தோற்றம் ஆகிய மூன்றில் இரண்டு இருக்க வேண்டும், அதோடு மற்ற காரணங்களை விலக்கியும் இருக்க வேண்டும். இந்தக் கடைசிப் படியை உங்களுக்கு யாரும் செய்யவில்லை. பிசிஓஎஸ் பெரும்பாலும் பருவ வயதிலேயே தலைகாட்டும். 33 வயதுவரை ஒழுங்காக வந்த மாதவிடாய் திடீரென்று தடம் மாறினால் வேறு காரணத்தைத் தேடித்தான் ஆக வேண்டும்.

இந்த வாரமே ஒரு பொது மருத்துவரைப் பாருங்கள், முடிந்தால் நாளமில்லாச் சுரப்பி நிபுணரைப் பாருங்கள். வேலூர் சி.எம்.சி.யிலும் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் இதற்குத் தனித் துறை இருக்கிறது. மாத்திரைப் பொட்டலத்தை அப்படியே எடுத்துப் போங்கள். முடிந்தால் கடையில் அட்டையின் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். போன ஆண்டு எடுத்த உங்கள் போட்டோ ஒன்றும் கையில் இருக்கட்டும், முகம் மாறியதை அதைவிடத் தெளிவாக எதுவும் காட்டாது. மூட்டில் போட்ட ஊசி, முகத்துக்குப் பூசும் கிரீம், கருத்தடை ஊசி எதையும் விட்டுவிடாமல் சொல்லுங்கள்.

மாதவிடாய் தள்ளிப்போவதால் முதலில் கர்ப்பப் பரிசோதனை செய்வார்கள், அதற்குச் சங்கடப்பட வேண்டாம். அப்புறம் ரத்த அழுத்தம், ஹெச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரி சர்க்கரை), பொட்டாசியம், புரோலாக்டின் (பால் சுரக்க வைக்கும் ஹார்மோன்), காலை 8 மணி கார்டிசோல். உங்களுக்கு இருக்கும் தோற்றத்தோடு காலைக் கார்டிசோல் மிகக் குறைவாக வந்தால், மாத்திரைதான் காரணம் என்ற சந்தேகம் வலுக்கும். பிரட்னிசோலோன் எடுத்திருந்தால் சில சோதனைகளில் அதுவே கார்டிசோல் போலக் கணக்காகும், அதனால்தான் பெயர் தெரிவது அவ்வளவு அவசியம். ஸ்டீராய்டே இல்லை என்று உறுதியானால், இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் டெக்ஸாமெத்தசோன் கொடுத்து மறுநாள் காலை கார்டிசோல் பார்ப்பார்கள். அது ஒரு டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்கு மேல் இருந்தால் பிட்யூட்டரியையும் அட்ரினலையும் மேற்கொண்டு ஆராய வேண்டும்.

இடுப்பு வலியையும் மறக்காமல் சொல்லுங்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைக்கும், முதுகெலும்பில் நொறுங்கல் இருக்கிறதா என்று எக்ஸ்ரே தேவைப்படலாம். எந்த மாத்திரையால் வலி குறைகிறது என்று நம்பினீர்களோ, அதுவே வலியைக் கூட்டியும் இருக்கலாம்.

அதுவரை காய்ச்சல், விடாத வாந்தி, எழுந்தால் மயக்கம், அசாத்தியச் சோர்வு வந்தால் காத்திருக்காமல் 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். அங்கே இருக்கும் டாக்டரிடம் முதல் வாக்கியமாகவே, “பல மாதமாக ஸ்டீராய்டு கலந்த மாத்திரை எடுத்திருக்கலாம்” என்று சொல்லுங்கள். உங்களால் பேச முடியாமல் போனால் யார் சொல்வது? கணவரிடமும் இன்றைக்கே சொல்லி வையுங்கள்.