கர்ப்பப்பை எடுத்து 7 வாரம்: இரவு வியர்வை, காரணமில்லாத அழுகை

இது மெனோபாஸா (சினைப்பை ஹார்மோன் சுரப்பதை நிறுத்துவது) என்று கேட்கிறீர்கள். சினைப்பை இருக்கும்வரை அப்படி முடிவுகட்ட வேண்டாம். சினைப்பைக்கான ரத்தத்தில் ஒரு பங்கு கர்ப்பப்பைப் பக்கமிருந்துதான் வருகிறது. ஆபரேஷனில் அந்த ரத்தக்குழாயைக் கட்டியதும் சினைப்பை சில காலம் சோர்ந்துபோகலாம், பெரும்பாலும் மீண்டுவிடும்.

"கர்ப்பப்பை மட்டும்தான் எடுத்தார்கள்" என்கிறீர்கள். வாய்வார்த்தையை நம்பாமல் டிஸ்சார்ஜ் சம்மரியையும் பயாப்ஸி ரிப்போர்ட்டையும் பாருங்கள். 'பைலேட்டரல் ஊஃபரெக்டமி' என்றிருந்தால் இரண்டு சினைப்பையும் போய்விட்டன. அப்போது இது மெனோபாஸேதான். 'சால்பிஞ்ஜெக்டமி' மட்டும் என்றால் எடுத்தது கருக்குழாயை.

சினைப்பை இருந்தால் எஃப்எஸ்ஹெச் (சினைப்பையைத் தூண்டும் ஹார்மோன்) ரத்த டெஸ்ட், 4–6 வார இடைவெளியில் இரண்டு முறை. ஒற்றை ரிசல்ட் ஏமாற்றும். தைராய்டு, ஹீமோகுளோபினும் பாருங்கள்.

வியர்வையோடு காய்ச்சல், மணிக்கொரு பேட் நனையும் ரத்தப்போக்கு, ஒரு காலில் மட்டும் வீக்கம்: இதில் எது இருந்தாலும் இன்றே மருத்துவமனை. அழுகை 2 வாரம் தாண்டினால் ஹார்மோன் என்று ஒதுக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள்.