ஆழம் கூடும்போது எந்த ரெகுலேட்டர்? – கேள்வி பதில்

சிலிண்டரிலுள்ள வாயுவின் அமுக்கத்தைக் குறைத்து மூச்சுக்குத் தரும் கருவியான ரெகுலேட்டரைக் கொழும்பில் பழுதுபார்ப்பதும் ஆழச் சுழியோடல் கற்பிப்பதும் என் தொழில். வந்த கேள்விகளில் என் துறைக்குள் அடங்கியவற்றுக்கு விடை தருகிறேன்.

வெள்ளவத்தை வாசகர்: ஐயா, 30 மீற்றர் வரை பழகிவிட்டேன். மட்டக்களப்பில் ஹேர்மிஸ் கப்பலுக்கு இறங்க ஆசை. கையிலுள்ள ஒரே ரெகுலேட்டர் போதுமா? புதிது வாங்குவதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

போதாது. 1942 ஏப்ரல் 9 ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்த அந்த விமானந்தாங்கிக் கப்பல் ஏறத்தாழ 53 மீற்றர் ஆழத்தில் கிடக்கிறது. அங்கே சிறிது நேரம் தங்கினாலே, உடம்பில் கரைந்த நைதரசன் வெளியேறுவதற்காகத் திரும்பும் வழியில் பல நிறுத்தங்களில் காத்திருக்க வேண்டிவரும்; ஆகவே கோளாறு ஏற்பட்டால் நேரே மேலே வந்துவிடலாம் என்ற எண்ணத்துக்கு அங்கே இடமில்லை. இணைக்கப்பட்ட இரட்டைச் சிலிண்டரும், ஒவ்வொரு வால்விலும் தனித்தனி முதல் நிலையும் (சிலிண்டரில் பூட்டும் பகுதி) இரண்டாம் நிலையும் (வாயில் வைக்கும் பகுதி) வேண்டும். ஒன்று பழுதாகி வாயு நிற்காமல் பீறிட்டால் அதன் வால்வை மூடிவிட்டு மற்றையதில் மூச்சு விடலாம்.

முதல் நிலை சமப்படுத்தப்பட்டதாக இருக்கட்டும். சிலிண்டரின் அமுக்கம் 200 பாரிலிருந்து 50 பாருக்கு இறங்கினாலும், அது இரண்டாம் நிலைக்கு அனுப்பும் வாயுவின் அமுக்கம், அதாவது இடையமுக்கம், ஏறத்தாழ மாறாது. அதன் உள்ளமைப்பு பிஸ்டனா டயஃப்ரமா என்று சண்டையிடத் தேவையில்லை. இரண்டையும் ஒரே மாதிரியாக வாங்குங்கள், ஒரே உதிரிப்பாகம் இரண்டுக்கும் உதவும். குழாய்கள் மடங்காமல் கீழ்நோக்கி இறங்கும் விதத்தில் துளைகள் அமைந்துள்ளனவா என்று இரட்டைச் சிலிண்டரில் பூட்டிப் பார்த்தே வாங்குங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, இடையமுக்கத்தை அளக்கும் சிறிய அமுக்கமானி ஒன்றை வாங்குங்கள். அண்மையில் ஒரு மாணவர், “தண்ணீருக்குள் அருமையாக மூச்சுத் தருகிறது” என்று சொல்லியே தன் ரெகுலேட்டரை என் மேசையில் வைத்தார். மானியைப் பூட்டினேன். ஊசி ஓரிடத்தில் நிலையாக நிற்க வேண்டும். ஊசி 9.5 பாரில் நின்றது; நின்றதென்று நினைத்த பிறகு மெல்ல நகர்ந்து 10ஐத் தொட்டு, 11ஐயும் தாண்டியது. பிரித்தபோது, வால்வின் இருக்கையில் கடுகிலும் சிறிய பச்சைக் களிம்பு ஒட்டியிருந்தது. தூசிமூடியைப் போடாமல் அலசியதால் உள்ளே போன தண்ணீர் செய்த வேலை அது. அமுக்கம் இப்படி ஏறி, 50 மீற்றரில் அந்த ரெகுலேட்டர் பீறிட்டிருந்தால் சிலிண்டர் சில நிமிடங்களில் காலியாகியிருக்கும்.

தெஹிவளை வாசகர்: நான் வாடகைக்கு எடுக்கும் சிலிண்டர்கள், ரெகுலேட்டர் வால்வைக் கவ்விப் பிடிக்கும் யோக் வகை. வால்வுக்குள் திருகிப் பூட்டும் டின் ரெகுலேட்டர் வாங்கினால் பொருந்துமா?

பல வால்வுகளில் நடுவேயுள்ள செருகியை அறுகோணச் சாவியால் கழற்றினால் டின் நேரே பொருந்தும். கழற்ற முடியாதவற்றுக்கு இணைப்பான் உண்டு. டின் இணைப்பில், கசிவைத் தடுக்கும் வளையமான ஓ-ரிங் வால்வுக்குள் அடைபட்டிருக்கும். யோக்கில் அது இரு முகங்களுக்கிடையே இருப்பதால், கப்பலின் இரும்புச் சட்டத்தில் ஓர் இடி பட்டாலே பிதுங்கக்கூடும். 300 பார் டின்னையே வாங்குங்கள். அது 200 பார் வால்விலும் இறுகும், 200 பார் டின் 300 பார் வால்வில் இறுகாது.

கொட்டாஞ்சேனை வாசகர்: எந்த நிறுவனத்தின் ரெகுலேட்டர் நல்லது, ஏபெக்ஸா, ஸ்கூபாப்ரோவா?

இரண்டும் நல்லவை. எதன் பாகங்களும் பழுதுபார்ப்பவரும் உங்களுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறார்களோ அதை வாங்குங்கள்.

கல்கிசை வாசகி: டைட்டேனியம் ரெகுலேட்டர் எடை குறைவு என்கிறார்கள். 6 மீற்றர் நிறுத்தத்தில் தூய ஒட்சிசனுக்குப் பயன்படுத்தலாமா?

கூடாது, அம்மா. உயர் அமுக்க ஒட்சிசனில் டைட்டேனியம் தீப்பற்றக்கூடிய உலோகம். பித்தளையால் ஆன, ஒட்சிசனுக்கென்று சுத்தம் செய்யப்பட்ட, அதற்குரிய மசகு இடப்பட்ட தனி ரெகுலேட்டரை அந்தச் சிலிண்டருக்கென்றே ஒதுக்குங்கள். வால்வை மெதுவாகத் திறவுங்கள்.

நீர்கொழும்புப் பயிற்றுநர்: வாயிலுள்ள ரெகுலேட்டரை 2.1 மீற்றர் நீளக் குழாயில் பூட்டி, வாயு தீர்ந்த துணைவருக்கு அதையே கொடுக்கச் சொல்கிறீர்கள். அது குகைக்காரர்களின் வழக்கம். நம் கடலில் குகை ஏது? துணைவருக்குக் கொடுக்க மஞ்சள் நிற மாற்று ரெகுலேட்டரே போதும்.

அந்தக் குழாய் ஃபுளோரிடாக் குகைகளில், இருவர் ஒருவர் பின் ஒருவராக வெளியேறுவதற்காகத் தோன்றியது என்பது உண்மை. ஆனால் கப்பலின் உள்வழியும் அதே அளவு ஒடுக்கமானது. உள்ளே நுழையாதவர்கூட, துணைவருடன் வாயுவைப் பகிர்ந்தபடி நிறுத்தங்களில் நீண்ட நேரம் காத்திருக்க நேரிடும். குட்டைக் குழாயில் இருவரும் முகத்தோடு முகம் இடித்தபடி ஆழத்தைப் பேணுவது மிகக் கடினம். அதைவிட முக்கியமானது எதைக் கொடுக்கிறோம் என்பது. என் வாயில் இருக்கும் ரெகுலேட்டர் வேலை செய்கிறது, அந்த ஆழத்துக்குரிய வாயுவைத் தருகிறது என்று எனக்கு நிச்சயமாகத் தெரியும். அதையே கொடுத்துவிட்டு, கழுத்தில் தொங்கும் மற்றையதை நான் எடுத்துக்கொள்கிறேன்.

மீண்டும் நீர்கொழும்புப் பயிற்றுநர்: ஐயா, பழகிய கையை மாற்றுவதுதான் ஆபத்து. மஞ்சள் ரெகுலேட்டர் சோதனையில் தேறியதுதானே?

ஒத்துக்கொள்கிறேன். பாதிப் பழக்கம் ஆபத்துத்தான், அதனால்தான் முதலில் நீச்சல் தடாகத்தில் நூறு முறை கொடுத்துப் பழகச் சொல்கிறேன். சோதனையைப் பொறுத்தவரை, 2014 ஆம் ஆண்டின் ஈஎன் 250 ஐரோப்பிய நியமத்தில் ‘ஏ’ குறி பெற்ற ரெகுலேட்டர், இருவர் ஒரே நேரத்தில் மூச்சு விடும் நிலைக்கு 30 மீற்றர் வரையே சோதிக்கப்படுகிறது. நாம் பேசுவது 50 மீற்றர்.

பம்பலப்பிட்டி வாசகர்: 2.1 மீற்றருக்குப் பதிலாக 1.5 மீற்றர் குழாய் சரிவருமா?

கப்பலுக்குள் நுழைவதில்லை என்றால் சரிவரும். நுழைவதென்றால் 2.1 தான்.

வத்தளை வாசகர்: என்னிடமுள்ள யோக்கை டின்னாக மாற்றலாமா?

பல மாதிரிகளுக்கு மாற்றுப் பொதி உண்டு. பழுதுபார்ப்பவரிடமே கொடுத்து மாற்றுங்கள். மாற்றியதும் மானியில் பாருங்கள்.

மட்டக்குளி வாசகர்: யோக்கா, டின்னா நல்லது?

தெஹிவளை வாசகருக்குச் சொன்ன விடையைப் படியுங்கள்.

கொள்ளுப்பிட்டி வாசகர்: எனக்கு ஆஸ்துமா உண்டு. எந்த ரெகுலேட்டர் இலகு?

முதலில் சுழியோடல் மருத்துவம் அறிந்த வைத்தியரிடம் போங்கள். அவர் அனுமதித்த பிறகு என்னிடம் வாருங்கள்.

பாணந்துறை வாசகர்: விலை கூடிய ரெகுலேட்டர் இருந்தால் 50 மீற்றரில் சாதாரண வளியிலேயே சிரமமின்றி மூச்சு விடலாமா?

முடியாது. அந்த ஆழத்தில் அமுக்கம் 6 பார். ஒரு லீற்றர் வளியின் எடை 7 கிராமைத் தாண்டிவிடும். 5.2 கிராமுக்குள் இருப்பது நல்லது, 6.2ஐத் தாண்டக்கூடாது என்பது ஆய்வாளர்களின் பரிந்துரை. அடர்ந்த வாயு உங்கள் சுவாசக் குழாய்களுக்குள்ளேயே தடைப்படுகிறது, காபனீரொட்சைட்டு உடம்பில் தேங்குகிறது. எந்த ரெகுலேட்டராலும் அதைத் தடுக்க முடியாது. அந்தப் பணத்தை ஹீலியம் கலந்த வாயுவுக்கும் அதற்குரிய பயிற்சிக்கும் செலவிடுங்கள்.

மருதானை வாசகர்: பழைய ரெகுலேட்டர் ஒன்று மலிவாக வருகிறது. வாங்கலாமா?

மானியைப் பூட்டி, ஊசி நின்ற இடத்திலேயே ஐந்து நிமிடம் நிற்கிறதா என்று பாருங்கள். நகர்ந்தால், பழுதுபார்க்கும் செலவை விலையோடு கூட்டிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.