தாய்லாந்தின் பட்டாயாவில் வீடு பார்க்கிறோம், பக்கத்துத் தெருவில் மது பார்

கேள்வி: அக்கா, வணக்கம். நாங்கள் ஓசூர்க்காரர்கள். என் வீட்டுக்காரருக்கு ரயோங் பக்கம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை. கம்பெனி வேன் பட்டாயாவிலிருந்தும் கிளம்புகிறது, ஸ்ரீராச்சாவிலிருந்தும் கிளம்புகிறது. மகளுக்கு 12 வயது, மகனுக்கு 6. இப்போதைக்கு பட்டாயாவை ஒட்டிய ஜோம்டியனில் ஒரு காண்டோவில் (அடுக்குமாடி வீட்டில்) மாத வாடகைக்கு இருக்கிறோம். கீழே நீச்சல் குளத்தடியில் வெள்ளைக்காரப் பெரியவர்கள் தினமும் ஒரே விஷயத்தைப் பேசிச் சண்டை போடுகிறார்கள். ஒருவர், "போலீஸ் நெருக்குகிறது, ரெண்டு வருஷத்தில் பார் எல்லாம் மூடிவிடும்" என்கிறார். இன்னொருவர், "முப்பது வருஷமா இதைத்தானே சொல்றீங்க" என்று சிரிக்கிறார். ஒரு அம்மா, "இங்கே அந்தத் தொழிலுக்குச் சட்டமே அனுமதி தருகிறது, பிறகு என்ன" என்கிறார். யாரை நம்புவது? வருட ஒப்பந்தம் போடலாமா? இவருடைய நண்பர்கள் நாலு பேர் ஊரிலிருந்து வரப்போகிறார்களாம். எதற்கு வருகிறார்கள் என்று எனக்குத் தெரியும். அதுவும் ஒரு கவலை.
– ஜோம்டியனிலிருந்து ஒரு வாசகி

பதில்: வணக்கம்மா. அந்தக் குளத்தடிச் சண்டையை நான் பதினாலு வருஷமாகக் கேட்கிறேன். கட்டடம் மாறும், ஆள் மாறுவார்கள், பேசுகிற வாக்கியம் மட்டும் மாறாது. பட்டாயா இருக்கிற சோன்புரி மாகாணத்துக்கு வேலைக்கு வருகிற குடும்பங்களுக்கு வீடு, பள்ளிக்கூடம், விசா பார்த்துக் கொடுப்பதுதான் என் தொழில். அதனால் ஒரு வழக்கம் வந்துவிட்டது. யாராவது "பட்டாயா மாறுகிறது" என்று ஆரம்பித்தால், அவருக்கு இங்கே என்ன சொத்து இருக்கிறது என்று முதலில் விசாரிப்பேன். பார் குத்தகைக்கு எடுத்தவருக்கு போலீஸ் சோதனை என்றால் வயிற்றைக் கலக்கும். மூன்று காண்டோ வாங்கிப் போட்டவருக்கு அதே சோதனை பாயசம், விலை ஏறும் அல்லவா. ஓய்வூதியத்தில் காலம் தள்ளுகிற பெரியவருக்குப் பயம் வேறு: பீர் விலையும் வாடகையும். மூன்று பேரும் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது போலத்தான் இருக்கும். பேசுவது அவரவர் பணத்தைப் பற்றி.

அந்த அம்மா சொன்னது தப்பு. தாய்லாந்தில் பாலியல் தொழில் 1960லேயே சட்டத்தால் தடை செய்யப்பட்டது. இப்போது நடப்பில் இருப்பது 1996ஆம் ஆண்டுச் சட்டம். தெருவில் நின்று வெட்கமில்லாமல் ஆள் அழைத்தால் 1,000 பாட் வரை அபராதம். அப்படிப்பட்ட இடத்தை நடத்துகிறவருக்கோ 3 முதல் 15 வருடம் சிறை. 18 வயது நிரம்பியவரிடம் போகிற வாடிக்கையாளருக்கு என்று அந்தச் சட்டத்தில் தனித் தண்டனைப் பிரிவு இல்லை. 18க்குக் கீழே என்றால் வாடிக்கையாளருக்கும் சிறை, 15க்குக் கீழே இன்னும் கடுமை.

அப்படியானால் தெருத்தெருவாக பார் எப்படி நடக்கிறது? 1960இல் தடை வந்தது. 1966இல் கேளிக்கை இடங்களுக்கு உரிமம் தரும் சட்டம் வந்தது. நடன அரங்கம், மசாஜ் நிலையம், பணிப்பெண்கள் உள்ள மதுக்கடை எல்லாம் உரிமத்தோடு நடக்கலாம். வியட்நாம் போர்க்காலம் அது. பட்டாயாவுக்குத் தெற்கே உ-தபாவ் தளத்தில் அமெரிக்க விமானப்படை இருந்தது, ஓய்வுக்கு வந்த சிப்பாய்களால் ஒரு மீன்பிடிக் கிராமம் ஊரானது. முன்வாசலில் பூட்டு, கொல்லைப்பக்கம் திறப்பு. இன்றுவரை ஏற்பாடு அதுதான். வாடிக்கையாளர் ஒரு பணிப்பெண்ணை வெளியே அழைத்துப் போனால் பாருக்கு 'பார் ஃபைன்' என்று ஒரு தொகை கட்டுவார். பெண் வேலை நேரத்தில் கிளம்புகிறாள், அந்த நஷ்டத்துக்கு ஈடு என்று கணக்கு. அதற்கப்புறம் நடப்பது இரண்டு வயது வந்தவர்களின் சொந்த விஷயமாம். சட்டத்துக்கு முன்னால் இது ஒரு கோவணம், அவ்வளவுதான். ஆனால் அறுபது வருஷமாக அவிழவில்லை.

அரசாங்கத்துக்கும் இரண்டு கை. ஒரு கையால் போலீஸ் அபராதம் போடும். இன்னொரு கையால் சுகாதாரத் துறை, 1991 முதல் நாடு முழுக்க, அதே இடங்களுக்கு ஆணுறை கொடுத்து, கட்டாயம் பயன்படுத்தச் சொன்னது. எச்.ஐ.வி. பரவல் அதனால் பெரிய அளவில் குறைந்தது. தடை செய்த தொழிலைக் கணக்கெடுத்து, பாதுகாத்து, அதே மூச்சில் இல்லவே இல்லை என்று சொல்கிற நாட்டில் இருக்கிறோம் என்பதைப் புரிந்துகொண்டால் மற்றதெல்லாம் சுலபம்.

அடுத்தது சோதனை. அது உண்மைதான், நாடகமும்தான். 2016இல் சுற்றுலா அமைச்சராக இருந்த கோப்கான் என்ற பெண்மணி, பாலியல் தொழில் போக வேண்டும், தரமான சுற்றுலா வேண்டும் என்று வெளிப்படையாகவே சொன்னார். 2017 தொடக்கத்தில் பிரிட்டிஷ் பத்திரிகைகள் பட்டாயாவை உலகத்தின் பாலியல் தலைநகரம் என்கிற மாதிரி எழுதின. அப்போதைய பிரதமர் பிரயுத்துக்குக் கோபம் வந்துவிட்டது. உடனே பார்கள் நிறைந்த வாக்கிங் ஸ்ட்ரீட்டில் சோதனை, கைது, நிருபர்கள், கேமரா. அந்தத் தெருவுக்கு 'ஹாப்பி ஸோன்' என்று பெயர் வேறு வைத்தார்கள். அன்றைக்குக் குளத்தடியில் ஒருவர் "முடிஞ்சுது" என்று சொல்லியிருப்பார். 2020இல் கொரோனா வந்தபோது நிஜமாகவே முடிந்தது, ஊரே இருட்டாகக் கிடந்தது. பல பார்கள் உணவகம் என்று பலகை மாற்றிக்கொண்டு பிழைத்தன. 2023 டிசம்பரில் அரசே பட்டாயா உட்பட ஐந்து இடங்களில் கேளிக்கை விடுதிகளை விடிகாலை 4 மணி வரை திறந்துவைக்க அனுமதி கொடுத்தது. எட்டு வருஷத்துக்குள் 'போக வேண்டும்' என்பது 'நாலு மணி வரை இருக்கட்டும்' ஆகிவிட்டது.

ஆகவே முப்பது வருஷக்காரர் சிரிப்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஊர் மாறவே இல்லை என்று அவர் நினைத்தால் அதுவும் பிசகு. மாற்றுவது போலீஸ் இல்லை, நிலத்தின் விலை. கடற்கரைக்குப் பக்கத்தில் ஒரு திறந்தவெளி பீர் பார் வளாகம் தருகிற வாடகையை விட அங்கே ஒரு ஹோட்டல் கட்டினால் வருமானம் அதிகம். குத்தகை முடிகிறது, பார் போகிறது, தகரவேலி வருகிறது. கைதும் இல்லை, கேமராவும் இல்லை. 2018இல் கிழக்குப் பொருளாதார மண்டலச் சட்டம் வந்தபிறகு சோன்புரி, ரயோங், சச்சோங்சாவ் மூன்று மாகாணங்களிலும் தொழிற்சாலைக் குடும்பங்கள் கூடிவிட்டன. உங்கள் வீட்டுக்காரர் வேலையும் அந்தக் கணக்கில்தான் வந்திருக்கும். இந்தியர்களுக்கு 2023 நவம்பரில் விசா தேவையில்லை என்று ஆனபிறகு நம் ஆட்கள் கூட்டமும் ஏறியது. அதில் கல்யாணம் நடத்த வருகிறவர்களும் உண்டு, உங்கள் வீட்டுக்காரரின் நண்பர்கள் மாதிரி வருகிறவர்களும் உண்டு.

குளத்தடிப் பேச்சில் அந்தப் பெண்களைப் பற்றி மட்டும் யாரும் எதுவும் சொல்லியிருக்க மாட்டார்கள், கவனித்தீர்களா? பெரும்பாலோர் வடகிழக்கே இசான் பகுதியிலிருந்து வருகிறவர்கள். பிள்ளையை அம்மாவிடம் விட்டுவிட்டு வந்து, மாதாமாதம் பணம் அனுப்புகிறவர்கள். சோதனை நடந்தால் அபராதம் கட்டுவது அவர்கள்தான். பாரின் சொந்தக்காரர் பெரும்பாலும் வெளியே தெரியவே மாட்டார். அவர்களுக்காக 'ஸ்விங்' என்ற அமைப்பு இந்த ஊரில் மருத்துவ உதவியும் ஆலோசனையும் தருகிறது. தொழிலைக் குற்றப்பட்டியலிலிருந்தே எடுத்துவிட வேண்டும் என்று வரைவுச் சட்டம் எழுதி, பேசி, தள்ளிப்போட்டுக்கொண்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டால் எடுத்துவிடலாம். 1,000 பாட் அபராதத்தால் ஒரு பெண்ணும் ஊருக்குத் திரும்பிப் போய் நான் பார்த்ததில்லை. நீங்கள் வேறு மாதிரி நினைக்கலாம், அது இந்த வீட்டு விஷயத்தைப் பாதிக்காது.

சரி, வீட்டுக்கு வருவோம். ஊர் நல்லதா கெட்டதா என்று கேட்காதீர்கள். கட்டடமும் அந்த சோயும் (சந்தும்) எப்படி என்று கேளுங்கள். சோய் 6, சோய் புவாக்காவ், தெற்குப் பட்டாயா, வாக்கிங் ஸ்ட்ரீட் சுற்றுவட்டாரம் குடும்பத்துக்கு வேண்டாம். ஒழுக்கத்தை விடுங்கள், தூக்கம் வராது. நாக்லுவா அமைதி. ஜோம்டியனில் தெருவுக்குத் தெரு வித்தியாசம். சுகும்வித் சாலைக்குக் கிழக்கே இருப்பதை வெள்ளைக்காரர்கள் 'டார்க் சைட்' என்பார்கள், பயந்துவிடாதீர்கள். ஒரு காலத்தில் தெருவிளக்கு இல்லாததால் வந்த பெயர். தனி வீடுகளும் சர்வதேசப் பள்ளிகளும் அந்தப் பக்கம் இருக்கின்றன, ஆனால் கார் இல்லாமல் முடியாது. நகரத்துக்குள் ஓடுகிற பாட் பஸ் என்கிற ஷேர் வண்டியை அங்கே நம்ப முடியாது.

கட்டடத்தைப் பொறுத்தவரை நான் பார்ப்பது ஒன்றே ஒன்று: தினவாடகைக்கு அறை விடுகிறார்களா என்று. ஹோட்டல் உரிமம் இல்லாமல் ஒரு மாதத்துக்குக் குறைவாக அறை விடுவது 2004ஆம் ஆண்டு ஹோட்டல் சட்டப்படி குற்றம். ஆனாலும் விடுகிறார்கள். வாசல் கம்பியில் எண் பூட்டுப் போட்ட குட்டிச் சாவிப்பெட்டிகள் வரிசையாகத் தொங்குகிறதா, மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு லாபியில் சக்கரப் பெட்டி சத்தம் கேட்கிறதா, பாருங்கள். இதெல்லாம் இருந்தால், நள்ளிரவில் லிஃப்டில் உங்கள் மகளோடு யார் யார் ஏறுவார்கள் என்று யாராலும் சொல்ல முடியாது. கட்டடத்தின் நிர்வாக அலுவலகத்தை இங்கே 'ஜூரிஸ்டிக்' என்பார்கள். அங்கே போய், தினவாடகைக்காரர் மேல் இதுவரை என்ன நடவடிக்கை எடுத்தீர்கள் என்று கேளுங்கள். சிரித்து மழுப்பினால் வேறு கட்டடம் பாருங்கள்.

ஒப்பந்தம் போடும் முன் வெள்ளிக்கிழமை ராத்திரி பதினொன்றரைக்கு அந்தத் தெருவில் ஒருமுறை நடங்கள். பகலில் துணிக்கடை மாதிரி இருக்கும் ஷட்டர்கள் அப்போதுதான் திறக்கும். பக்கத்துக் காலி மனையையும் பாருங்கள், அங்கே என்ன வரப்போகிறது என்று காவலாளிக்குத் தெரியும். குடியேறியபின் சத்தம் தாங்கவில்லை என்றால் பட்டாயா நகராட்சி எண் 1337இல் புகார் செய்யலாம். கோவிலுக்கும் பள்ளிக்கும் ஒட்டினாற்போல் கேளிக்கை விடுதிக்கு உரிமம் தரக்கூடாது என்று 1966 சட்டமே சொல்கிறது. உங்கள் தெருவில் பள்ளி இருந்தால் அதைச் சொல்லியே புகார் எழுதுங்கள். ஆனால் கடையின் பெயரையோ போலீஸ்காரர் பெயரையோ போட்டு இணையத்தில் எழுதாதீர்கள். இங்கே அவதூறு ஒரு குற்றவியல் வழக்கு. வெளியிட்டுப் பரப்பியதற்கு 2 வருடம் வரை சிறை, 2 லட்சம் பாட் வரை அபராதம். அந்தப் பெண்களைப் படம் எடுத்துப் போடவே கூடாது. சிறுமி யாராவது மாட்டியிருக்கிறாள் என்று சந்தேகம் வந்தால் மட்டும் யோசிக்காமல் 1300ஐ அழையுங்கள்.

இப்போது அந்த நாலு நண்பர்கள். வாடிக்கையாளருக்குத் தண்டனை இல்லை என்று மேலே எழுதினேன் இல்லையா? ஏற்பாடு செய்கிறவருக்கு உண்டு. இன்னொருவருக்காக ஆள் பிடித்துக் கொடுப்பது, சம்மதத்தோடு என்றாலும், 1996 சட்டத்தில் 1 முதல் 10 வருடம் சிறை. "நீதான் ஊர்க்காரன், நீயே பேசி முடி" என்று நண்பர்கள் தோளில் கை போடும்போது உங்கள் வீட்டுக்காரர் நினைவில் வைக்க வேண்டியது அந்தப் பத்து வருடத்தை. வேலை விசாவில் இருப்பவர் சிறைக்குப் போனால் வேலை, விசா, பிள்ளைகள் படிப்பு எல்லாம் சேர்ந்து போகும். பார்களில் சோதனை வந்தால் வாடிக்கையாளருக்கும் போதைப்பொருளுக்காகச் சிறுநீர்ப் பரிசோதனை செய்வதுண்டு. அவர்களுக்கு ஹோட்டல் முகவரியும் சுற்றுலா போலீஸ் எண் 1155ஐயும் அனுப்பச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் தங்கவைக்க வேண்டாம். வெளிநாட்டுக்காரர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள் வீட்டின் சொந்தக்காரர் குடிவரவுத் துறைக்கு டி.எம்.30 என்ற படிவத்தில் தகவல் கொடுக்க வேண்டும். மறுக்க அதுவே நல்ல சாக்கு, உண்மையான சாக்கும்கூட.

மகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கேட்க நினைத்திருப்பீர்கள். பன்னிரண்டு வயசில் பார்க்காமல் இருக்கமாட்டாள், பீச் ரோட்டில் ஒரு சாயங்காலம் போதும். கண்ணைப் பொத்தாதீர்கள். அந்த அக்காக்கள் சம்பாதிக்க ஊர்விட்டு வந்தவர்கள், சிரித்துப் பேசக் காசு வாங்குகிறார்கள், அதில் கஷ்டமும் ஆபத்தும் உண்டு என்று சொன்னால் அவளுக்குப் புரியும். என் மகளுக்கு நான் அப்படித்தான் சொன்னேன். அவள் திருப்பிக் கேட்ட கேள்விதான் எனக்குச் சங்கடம்: "அந்தத் தாத்தாக்கள் எதுக்கு வந்தாங்க?"

வருட ஒப்பந்தம் இப்போதைக்கு ஆறு மாதமாகப் போடுங்கள், வீட்டுச் சொந்தக்காரர்கள் பலர் ஒத்துக்கொள்வார்கள். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீராச்சாவையும் போய்ப் பாருங்கள். பட்டாயாவுக்கு வடக்கே, காரில் அரைமணிக்குக் கொஞ்சம் மேலே. ஜப்பானியக் குடும்பங்கள் நிறைந்த ஊர், அவர்களுக்கென்றே தனிப் பள்ளி இருக்கிறது, ராத்திரி பத்து மணிக்கு அடங்கிவிடும். வாரநாளில் வேன் எத்தனை மணிக்கு எடுக்கிறது என்று மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள். அங்கே போன இரண்டு குடும்பங்கள் விடிகாலை ஐந்தே முக்கால் வேனுக்குப் பயந்து திரும்ப ஜோம்டியனுக்கே வந்துவிட்டன.