டிரைவர் இல்லாத காரையும் யாராவது பழுது பார்க்கணுமே

மன்னார்குடிப் பக்கம் குட்டியானை ஓட்டும் ஒருவர் கேட்கிறார்: “டிரைவரே இல்லாம கார் ஓடுதாம். பையன் பிளஸ் டூ முடிச்சுட்டு மெக்கானிக் வேலைதான் வேணும்னு நிக்கிறான். மச்சான் ஏஐ இன்ஜினியரிங்ல சேர்க்கச் சொல்றார். நிலத்தை அடகு வைக்கட்டுமா?”

பயம் புரிகிறது. அமெரிக்காவின் ஃபீனிக்ஸில் 2020 முதல் வேமோ நிறுவனத்தின் ஆளில்லா டாக்ஸி பொதுமக்களை ஏற்றிச் செல்கிறது. ஆனால் அங்கேயே ஜனங்களுக்கு முழு நம்பிக்கை வரவில்லை. 2018-ல் ஊபரின் தானே ஓடும் சோதனைக் கார் மோதி ஒரு பெண் இறந்தார். 2023-ல் இன்னொரு பெண்ணை குரூஸ் நிறுவனத்தின் ஆளில்லா கார் இழுத்துச் சென்றது. கலிபோர்னியா மாநிலம் அந்த நிறுவனத்தின் அனுமதியை நிறுத்திவைத்தது. இங்கே, டிரைவர்கள் வேலை போகும் என்பதாலேயே ஆளில்லா காரை விடமாட்டேன் என்கிறார் மத்திய அமைச்சர் நிதின் கட்கரி. அறுவடை சமயம் பாதி ரோட்டில் நெல் காயும் நம்மூரில் அந்தக் கார் என்ன செய்யும் என்பது தனிக்கதை.

நிலத்தை அடகு வைக்காதீர்கள். ஏஐ படிப்பு முழுக்கக் கணக்கு; உங்கள் பையனோ கணக்கென்றால் ஓடுகிறவன் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். தவணையை மச்சான் கட்டப்போவதில்லை.

அரசு ஐடிஐயில் மோட்டார் வாகன மெக்கானிக் பிரிவு இரண்டு வருடம். கல்விக் கட்டணம் இல்லை. அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். ஆனால் ஸ்பேனரோடு நிற்காமல் சென்சார் வேலையையும் அவன் பிடித்துக்கொள்ள வேண்டும். இப்போது இங்கே விற்கும் பல கார்களில் முன்கண்ணாடிக்குப் பின்னால் கேமரா, பம்பருக்குள் ரேடார், ஆபத்தென்றால் தானே பிடிக்கும் பிரேக். கல்லடித்துக் கண்ணாடி மாற்றினால் கேமராவைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். தரை மட்டமாக இருக்கணும், டயரில் காற்று சரியாக இருக்கணும், கட்டம் போட்ட பலகையைச் சொன்ன தூரத்தில், சொன்ன உயரத்தில் நிறுத்தி, ஸ்கேனரை மாட்டிப் பார்க்கணும். கேமரா மயிரிழை சாய்ந்தாலும் தூரத்தில் வரும் வண்டி பக்கத்துத் தடத்தில் வருவதாகக் கணக்காகிவிடும். பம்பருக்குப் பட்டி கனமாகப் பூசினால் ரேடார் தடுமாறும். சென்சார் கூடக்கூட இந்த வேலையும் கூடும்.

ஐடிஐ முடித்ததும் கம்பெனி சர்வீஸ் சென்டரில் அப்ரண்டிஸ் ஆகலாம். மேலே படிக்க ஆசை வந்தால் பாலிடெக்னிக்கில் நேரடியாக இரண்டாம் ஆண்டு, அப்புறம் பி.இ.யும் உண்டு.

ஐடிஐ கலந்தாய்வு விண்ணப்பத்தில் பிரிவுகளின் வரிசையைப் பையனே நிரப்பட்டும். அந்த நேரத்தில் மச்சான் பக்கத்தில் வேண்டாம்.